சிவப்புப் பொட்டு வைத்த தட்டு

யாரும் உட்கார்ந்து கேட்பதற்கென்று செய்யாத சங்கீதம் ஒன்று உண்டு. எனக்கு அதோடு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். இத்தாலிக்காரன் செய்து அனுப்புவான். வானொலியில் ஒருவர் வானிலை வாசித்தால் அடியில் மெதுவாக ஓட ஒன்று. தொழிற்சாலையைப் பற்றிப் பேசினால் டடக் டடக் என்று ஒன்று. நாடகத்தில் கொலைகாரன் படியேறினால் ஒன்று, கடலுக்கடியில் மீன் நீந்தினால் ஒன்று. மேலே யாராவது பேச வேண்டும், அடியில் இது ஓட வேண்டும். பேச்சு முடிந்தால் இதையும் நிறுத்திவிடுவார்கள். மேசை ஆடாமல் இருக்கக் காலடியில் மடித்து வைக்கிற காகிதம் மாதிரி.

இந்த இசைத்தட்டுகளை எந்தக் கடையிலும் விற்றதில்லை. முந்நூறோ நானூறோ அச்சடித்து வானொலி நிலையங்களுக்கும் படக் கம்பெனிகளுக்கும் அனுப்பிவிடுவார்கள். அப்போது அலமாரியில் சும்மா கிடந்தது, சீந்த ஆளில்லை. இன்றைக்கு அதற்காகப் படித்தவன், பட்டம் வாங்கினவன், பல் பிடுங்குகிறவன் எல்லாம் நாயாய் அலைகிறான். கிடைக்காது என்று மட்டும் சொல்லுங்கள், மனிதன் உடைந்த செங்கல்லைக்கூட மடியில் வைத்துக் கொஞ்சுவான்.

பல் பிடுங்குகிறவன் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. என்னைத் தேடி வந்தவர் நிஜமாகவே பல் டாக்டர். நாற்பத்தைந்து வயதிருக்கும். முதல் தடவை வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே பரணைப் பார்த்தார்.

"ஐயா, நீங்கதானே வானொலியில தட்டறையில இருந்தது?"

"இருந்தேன். இப்ப இல்ல."

"வீட்டுல ஏதாவது மிச்சம் மீதி…"

"மிச்சம் மீதி சோறுதான் இருக்கு. அதுவும் மத்தியானத்துக்குள்ள தீர்ந்துடும்."

சிரித்தார். நல்ல பல். நம்பவில்லை என்பது மட்டும் சிரிப்பிலேயே தெரிந்தது. தட்டறையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் நாலு தட்டாவது கொண்டு வந்திருக்க மாட்டானா என்பது அவர் கணக்கு. அவரைக் குற்றம் சொல்லி என்ன? என் மகளின் கணக்கும் அதுதான்.

அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

தட்டறையில் என் வேலை எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்தால் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைப்பது. இத்தாலித் தட்டுகளில் ஒரு சங்கடம். உறை எல்லாம் ஒரே ஆரஞ்சு நிறம், நடுவில் கறுப்பு வளையம். எண் மட்டும்தான் மாறும். தட்டின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி லேபிள். அவன் எழுத்தைப் படிக்க என் ஐந்தாம் வகுப்பு எந்த மூலைக்குக் காணும்? அதனால் முதல் பக்கத்தில், நடு ஓட்டைக்குப் பக்கத்தில், என் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புச் சொட்டு வைப்பேன். அரையிருட்டில்கூடக் கண்ணுக்குத் தெரியும். இதற்காக மேலதிகாரி என்னை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார். வெளிநாட்டுச் சாமானைப் பாழ்பண்ணுகிறேனாம்.

இன்னொரு வழக்கம் இருந்தது. வெளியே போன தட்டு ஒவ்வொன்றும் மாலை ஆறு மணிக்குப் பதிவேடு மூடும்போது யாராவது ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். வெற்றுக் கட்டம் இருக்கக் கூடாது. நிகழ்ச்சி செய்கிற பையன்கள் கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள். அதிகாரிகள் போட மாட்டார்கள். கடைநிலை ஊழியன் நீட்டுகிற பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் கிரீடம் இறங்கிவிடும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்பா" என்று தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்கள். ஆறு மணிக்கு அந்தக் கட்டத்தில் நான் என் பெயரை எழுதுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார், அதைத்தான் எனக்கும் கற்றுக் கொடுத்தார். பாம்புப் புற்றுக்குள் கையை விடச் சொல்லிக் கொடுத்தது மாதிரி.

ஒரு தட்டு அப்படிப் போய்த் திரும்பவில்லை. காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்புக்கு அடியில் ஓடுகிற சங்கீதம் அதில்தான் இருந்தது. மூன்றாம் நாள் இருப்புச் சரிபார்க்க வந்தார்கள். பதிவேட்டைத் திறந்தால் என் பெயர். கொண்டு போனது சங்கீதப் பிரிவு அதிகாரி. "நானா? எப்ப?" என்றார். விசாரணையை நடத்தியதும் அவரே. பால் சட்டிக்குப் பூனையைக் காவல் போட்டது போதாதென்று நீதிபதியாகவும் உட்கார வைத்தார்கள். எனக்குச் சம்பள உயர்வு நின்றது. தட்டறையிலிருந்து எடுத்து சைக்கிள் கொட்டகையில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை சைக்கிளுக்கு டோக்கன் கொடுத்தேன். உள்ளே போகிற பையன்கள் எல்லாம், "அண்ணே, காணவில்லை தட்டையே காணலியாமே" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். வேறென்ன செய்ய.

இதெல்லாம் நடந்து முப்பத்தோரு வருஷம். என் மனைவி கடைசிவரை, எடுத்தீர்களா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கூடப் படித்த பெண்ணின் அப்பா எங்கள் நிலையத்தில்தான் வேலை பார்த்தார். செய்தி எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டது. வளர்ந்த பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள், "அப்பா, ஆசையில ஒண்ணு எடுத்திருப்பீங்க. அதுக்கு இவ்வளவு தண்டனை குடுத்திருக்க வேணாம்." ஆறுதல் சொல்கிறாளாம். அதற்கு என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

கல்யாணம் பேசியபோதும் இதை மறைக்கக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். நேர்மையான பெண். என் மேல் ஏறி நின்றுதான் அந்த நேர்மையைக் காட்டினாள். மாப்பிள்ளையும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கினவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இனி பல் டாக்டருக்கு வரலாம்.

இரண்டாம் தடவை அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் வீட்டில் இருந்தாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்பமாட்டாள். மாப்பிள்ளை அவருடைய அம்மாவைப் பார்க்கப் போயிருந்தார். டாக்டர் கையில் சதுரமான பை. மேசையைத் துடைக்கச் சொன்னார். துடைத்தோம். ஈரம் போகவில்லை, இன்னொரு தடவை காய்ந்த துணியால் துடைக்கச் சொன்னார். பிறகு பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். என் மகள் என்னைப் பார்த்தாள்.

"உக்காருங்கப்பா, உங்களுக்குத்தான் பல்லு எடுக்கப் போறார்" என்றாள்.

டாக்டர் காதில் விழவில்லை. ஆரஞ்சு உறையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். கறுப்பு வளையம். எண்ணைப் பார்த்தேன். அந்த எண்ணை விசாரணையில் எனக்குக் கொடுத்த மெமோவில் நாலு இடத்தில் எழுதியிருந்தார்கள்.

"உலகத்துலயே ஒம்பது பிரதிதான் இருக்குன்னு தெரியும். இது பத்தாவது" என்று குரலைத் தாழ்த்தினார், தூங்குகிற குழந்தை பக்கத்தில் பேசுகிற மாதிரி. உறைக்குள்ளிருந்து தட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஏந்தி எடுத்தார். விரல் எங்கும் படவில்லை. லேபிளை என் பக்கம் திருப்பினார். ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்புச் சொட்டு.

"இது நீங்க வெச்சதுதானே ஐயா?"

"ஆமா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சேகரிக்கிற ஆட்கள் நடுவில் இந்தச் சிவப்புப் பொட்டுக்கு ஒரு மதிப்பாம். பொட்டு இருந்தால் நிலையத்துப் பிரதி, போலி இல்லை என்று அர்த்தமாம். எந்தப் பொட்டுக்காக என்னைத் திட்டினார்களோ அந்தப் பொட்டு.

"எங்க கெடச்சுது?" என்றேன்.

"அதை விடுங்க ஐயா."

"நான் விட்டுடுவேன். அது என்னை விடலியே. எங்க கெடச்சுது?"

கொஞ்சம் நெளிந்தார். ஒரு பெரிய வீடு. அப்பா செத்துப் போய், பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தார்கள். பெட்டி பெட்டியாகப் பழைய தட்டு. தள்ளிவிட்டால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். செத்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தட்டை உருவியபோது புரண்டு கிடந்த உறையின் பின்பக்கம், கீழ் மூலையில், ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. சங்கீதப் பிரிவு அதிகாரியின் பெயர், கீழே 'சொந்தச் சேகரிப்பு', அதற்குக் கீழே தேதி. அந்த மனுஷன் குடைக் கைப்பிடிக்குக்கூடச் சீட்டு ஒட்டி முத்திரை குத்துகிற ஜாதி. அடுத்தவன் சாமானுக்கும் பழக்க தோஷத்தில் குத்தியிருக்கிறார்.

டாக்டர் என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். "அது ஒரு கறைங்க. கவலைப்படாதீங்க. உறைமேல பளபளன்னு தாள் ஒட்டியிருக்கில்ல, லைட்டர் பெட்ரோல் வெச்சு மெதுவாத் தொடச்சா சுத்தமாப் போயிடும். முத்திரை இருந்தா மதிப்பு ரெண்டு படி இறங்கிடும். போயிட்டா புதுசுக்குச் சமம்."

"தொடைக்கப் போறீங்களா?"

"இன்னிக்கே. பொட்டு உங்களுதுன்னு ஒரு நாலு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா போதும். அச்சடிச்சே கொண்டாந்திருக்கேன், கையெழுத்து மட்டும் போட்டா சரி."

பையிலிருந்து ஒரு தாளையும் ஒரு பேனாவையும் முன்பே எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். படித்துப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. 'தட்டறை உதவியாளராகிய என்னிடம் நீண்ட காலம் இருந்து வந்த இத்தட்டு' என்று ஆரம்பித்திருந்தது.

"என்கிட்ட எங்க இருந்துது?"

"ஒரு பேச்சுக்குத்தாங்க. அந்தப் பெரிய வீட்டுப் பேரெல்லாம் வெளிய வந்தா நிலையத்துல திருப்பிக் கேப்பாங்க. நீங்கன்னா யாரும் எதுவும்…"

முடிக்கவில்லை. முடித்திருந்தால் இப்படி வரும்: நீங்கள் என்றால் ஏற்கெனவே திருடன், புதிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். இவர் அதற்கு ஒரு சான்றிதழும் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மகள் குனிந்து முத்திரையைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதை அவருக்கா வித்தீங்க?"

இப்போது சொல்லுங்கள். நேரடிச் சாட்சி மேசைமேல் கிடக்கிறது. பெற்ற பெண்ணுக்கு முதலில் தோன்றுவது இது. உள்ளே போய் என் தகரப் பெட்டியைத் திறந்தேன். மனிதனை நம்பாதவன் காகிதத்தைத் தூக்கிப் போடமாட்டான். மெமோ அடியில்தான் இருந்தது, மடித்த இடமெல்லாம் கிழிந்து. கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தேன்.

"நீதான் ரெண்டு தடவை பாப்பியே. பாரு."

படித்தாள். 'ஒன்பதாம் தேதி உம்முடைய பெயரில் வெளியே சென்ற தட்டு' என்று இருந்தது. முத்திரையைப் பார்த்தாள். அதே மாதம், அதே ஒன்பது. மெமோவின் அடியில் கையெழுத்தைப் பார்த்தாள். முத்திரையில் இருந்த பெயரைப் பார்த்தாள். மறுபடி மெமோ, மறுபடி முத்திரை.

"கையெழுத்து போடாம எடுத்துட்டுப் போறவங்க கட்டத்துல யார் பேரை எழுதுவீங்க?"

"என் பேரை."

"ஏன்?"

"வெத்தா விடக் கூடாது. அதான் வழக்கம்."

"என்ன வழக்கம்ப்பா இது" என்றாள்.

டாக்டர் பொறுமையாகத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். "அம்மா, குடும்ப விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம். ஐயா கையெழுத்தைப் போட்டார்னா…"

"டாக்டர்," என்றேன், "அந்த முத்திரையைத் தொடைக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். நீங்க கேக்கறதை நான் எழுதறேன்."

"அது எப்படிங்க. அதோட மதிப்பே போயிடும்."

"என் மதிப்பு அதுலதான் இருக்கு."

"ஐயா, நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. செத்துப் போனவர் மேல இப்ப புகார் சொல்லி என்ன ஆகப் போவுது. இது ஒரு கலைப்பொருள்."

கலைப்பொருள். அந்த ஒரு தட்டை மட்டும் பதினோரு வருஷம் சோப்புத் தண்ணீரில் கழுவினவன் நான்.

"சரி, பேனாவை எடுத்துக்கவா?"

"எடுங்க, எடுங்க" என்று முகம் மலர்ந்தார்.

எடுத்தேன். அச்சடித்த தாளை ஒரு பக்கம் தள்ளினேன். உறையை என் பக்கம் இழுத்தேன். முத்திரையைச் சுற்றி முதலில் ஒரு வட்டம் போட்டேன், அழுத்தி.

டாக்டர் போட்ட சத்தம் மனிதன் போடுகிற சத்தம் இல்லை. அவர் நாற்காலியில் பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர்கள் போடுவதாக இருக்கலாம். ஆனால் நகர முடியவில்லை. இரண்டு கையிலும் தட்டு. விரல் படக் கூடாது, கீழே வைக்கக் கூடாது, வைக்க உறையும் இல்லை. உறை என்னிடம் இருந்தது.

"அம்மா, இதைக் கொஞ்சம் பிடிங்க. பிடிங்கம்மா, சீக்கிரம்."

மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்குக் கையுறை இல்லையே டாக்டர்" என்றாள்.

நான் அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் என் எழுத்து கோணும். வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதினேன்: 'ஒன்பதாம் தேதி இந்த அதிகாரி இதைக் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டு போனார். பதிவேட்டில் என் பெயரை நான் எழுதினேன். தட்டை நான் எடுக்கவில்லை. பொட்டு என்னுடையது.' கீழே, தட்டறை உதவியாளர் என்று போட்டுக் கையெழுத்தும் போட்டேன். முத்திரையைப் பெட்ரோல் தின்னும். பளபளப்புத் தாளில் பேனா முனை இறங்கின பள்ளத்தை எது தின்னும்? தட்டில் கோடு போட்டவன் இத்தாலிக்காரன். உறையில் நானும் கொஞ்சம் போட்டேன்.

முடித்து உறையை நீட்டினேன். தட்டை மூன்றாம் முயற்சியில்தான் அதற்குள் நுழைத்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். போலீசுக்குப் போவேன் என்றார். எங்கிருந்து வந்தது என்று அவர்களும் கேட்பார்களே என்றேன். "காட்டுமிராண்டித்தனம்" என்று மட்டும் வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். அச்சடித்த தாளை மறந்து வைத்துவிட்டார். அதன் பின்பக்கத்தை மகள் கடைச் சாமான் எழுத வைத்துக்கொண்டாள்.

அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன், அவருக்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். மூன்று வாரம் கழித்து போன் செய்தார். குரலில் தேன். மனசு தாங்காமல் உறையைப் படம் எடுத்துத் தன் கூட்டத்து ஆட்களுக்கு அனுப்பினாராம், ஒப்பாரிக்குத் துணை வேண்டுமே. அவர்களோ அடித்துக்கொண்டு கேட்கிறார்களாம். பொட்டு வைத்தவனே தன் கையால் எழுதின உறை உலகத்தில் இது ஒன்றுதானாம்.

"முத்திரையைத் தொடைச்சிட்டீங்களா?"

"ஐயோ, அது எப்படிங்க ஐயா. அது போயிட்டா நீங்க எழுதினதுக்கு அர்த்தமே இல்லியே. கண்ணாடி போட்டு வெச்சிருக்கேன்."

"சரி, அதுல இருக்கிற சங்கீதத்தை என்னிக்காவது கேட்டீங்களா?"

"கேட்டா தேஞ்சுடுங்க" என்றார். இன்னும் இரண்டு உறை வைத்திருக்கிறாராம், அதிலும் ஏதாவது எழுதித் தர முடியுமா என்றார். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அடுத்தவன் செய்தது என் பெயரில் வருவது எனக்குப் புதிதில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அது பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் படியிறங்கிப் போனதும் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மகள் மெமோவை மடிக்கவில்லை. மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லவும் இல்லை. அவள் என் பெண்.

"நீ என்ன நெனச்சிட்டிருந்தே இத்தனை வருஷமா?" என்று நானே கேட்டேன்.

"எடுத்தீங்கன்னுதான்."

"நான் எடுக்கலன்னு சொன்னேனே."

"எல்லாரும்தான் சொல்வாங்க."

என்னிடம் படித்த பாடம். யாரையும் வாய் வார்த்தைக்கு நம்பாதே என்று சின்ன வயதில் அவளுக்கு நான்தான் தினமும் சொல்லிக் கொடுத்தேன். யாரைத் திட்ட?

அவள் எழுந்து போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். சிலிண்டர் வந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில்தான் பேசினாள்.

"கிளம்பிட்டீங்களா? சரி. வரும்போது பால் வாங்கிட்டு வாங்க. அப்புறம், அப்பா அந்தத் தட்டை எடுக்கல. இல்ல, வேற ஆளு. நான் பார்த்தேன், ரெண்டு தடவை பார்த்தேன்."

மறுமுனையில் மாப்பிள்ளை ஏதோ நீளமாகச் சொல்வது கேட்டது. என்ன என்று விளங்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? வந்து அவர்கிட்ட சொல்லுங்க. உக்காந்துதான் இருக்கார்."